குற்றம் கூடியதா, வழக்கு கூடியதா? ஒரு சிறுநகரத்தின் பாதுகாப்புக் கணக்கு

நகராட்சி அளவிலான ஓர் ஊரில் பத்துப் பதினைந்து நாள்களுக்குள் இரண்டு சங்கிலிப் பறிப்பும் பூட்டிய வீட்டில் ஒரு திருட்டும் நடந்துவிட்டால், "ஊர் முன்ன மாதிரி இல்லை" என்ற பேச்சு டீக்கடையில் தொடங்கி வணிகர் சங்கக் கூட்டம் வரை போய்விடும். அதே வாரத்தில் மாவட்டக் காவல் அலுவலகம் வெளியிடும் செய்திக்குறிப்பு, சென்ற ஆண்டின் இதே காலத்தோடு ஒப்பிட்டால் குற்றங்கள் குறைந்திருப்பதாகச் சொல்லும். காவல்துறை கணக்கை மறைக்கிறது என்று ஊர்க்காரர்களும், ஊர்க்காரர்கள் வாட்ஸ்அப்பை நம்பிப் பதறுகிறார்கள் என்று காவல்துறையும் சொல்லிக்கொள்வார்கள். பெரும்பாலும் இரு தரப்பும் பொய் சொல்வதில்லை. காவல்துறை எண்ணுவது பதிவான வழக்குகளை. ஊர் எண்ணுவது காதில் விழுந்த சம்பவங்களை. இவ்விரண்டிலும் சேராத ஆபத்துகளே ஒரு சிறுநகரத்தின் பாதுகாப்பைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்பதைத் தமிழ்நாட்டின் அனுபவத்தைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்தியாவில் குற்றப் புள்ளிவிவரம் என்று நாளிதழ்கள் வெளியிடுபவற்றில் பெரும்பகுதி, 1986-இல் தொடங்கப்பட்ட தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையிலிருந்து வருகிறது. அதன் அடிப்படை அலகு குற்றம் அல்ல, முதல் தகவல் அறிக்கை. ஒரே சம்பவத்தில் வீடு புகுந்து, நகையைப் பறித்து, தடுத்தவரைக் கொன்றுவிட்டுப் போனால், மூன்று குற்றங்களில் எதற்குத் தண்டனை அதிகமோ அந்தத் தலைப்பின் கீழ் மட்டும் அது ஒரு வழக்காக எண்ணப்படும். அப்படித் திரட்டிய எண்ணிக்கையை ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு இத்தனை என்று வகுத்தால் கிடைப்பது குற்ற விகிதம். பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்கு மட்டும் பெண்களின் மக்கள்தொகையால் வகுக்கிறார்கள். குற்றம் கூடுவதும் வழக்குப் பதிவு கூடுவதும் வெவ்வேறு விஷயங்கள் என்று காப்பகமே தன் அறிக்கையில் எச்சரிக்கிறது. தலைப்புச் செய்தி எழுதுபவர்கள் அந்த எச்சரிக்கைப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

இந்த வேறுபாட்டை 2020-ஆம் ஆண்டைவிடத் தெளிவாகக் காட்டும் ஆண்டு வேறில்லை. தமிழ்நாட்டில் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் கீழ் 2019-இல் சுமார் 1.68 லட்சமாக இருந்த வழக்குகள், 2020-இல் 8.9 லட்சத்தைத் தாண்டின. மாநிலம் ஒரே ஆண்டில் ஐந்து மடங்கு கொடியதாகிவிடவில்லை. ஊரடங்கை மீறி வெளியே வந்தவர்கள் மீது சகட்டுமேனிக்கு வழக்குப் போட்டதன் விளைவு அது. அரசு ஊழியர் பிறப்பித்த உத்தரவை மீறியதற்கான 188-ஆம் பிரிவு வழக்குகள் நாடு முழுவதும் 29,469-இலிருந்து 6,12,179-ஆக உயர்ந்தன. எல்லோரும் வீட்டிலேயே இருந்ததால் திருட்டு வழக்குகளோ அதே ஆண்டில் குறைந்தன. குற்ற விகிதத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால், ஆளரவமற்ற தெருக்களைக் கொண்ட அந்த ஆண்டுதான் அண்மைக்காலத்திலேயே ஆபத்தான ஆண்டாகத் தோன்றும். இதே தர்க்கத்தில் கேரளம் பல ஆண்டுகளாகப் பீகாரைவிடக் குற்றம் மிகுந்த மாநிலமாகத் தெரிகிறது. புகார் கொடுக்கத் தயங்காத மக்களும், பதிவு செய்ய மறுக்காத நிலையங்களும் உள்ள இடத்தில் எண் உயரும் என்பதே அதன் பொருள்.

எண் பிறக்கும் இடம் காவல் நிலையத்தின் மேசை. அந்த மேசையில் நடப்பதைச் சற்று அருகிலிருந்து பார்க்க வேண்டும். காலையில் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியின் கழுத்திலிருந்து நாலு பவுன் சங்கிலியை இரண்டு பேர் பைக்கில் வந்து பறித்துப் போகிறார்கள். மகனோடு நிலையத்துக்குப் போகிறார். ஆய்வாளர் முக்கியப் பிரமுகர் வருகைக்கான பந்தோபஸ்தில் இருக்கிறார். ரைட்டர் புகாரை எழுதித் தரச் சொல்கிறார். முதலில் வரும் கேள்வி, நகைக்கு ரசீது இருக்கிறதா என்பது. முப்பது ஆண்டுகளுக்கு முன் கல்யாணத்தில் போட்ட நகைக்கு ரசீது எங்கே இருக்கும்? அடுத்து, சங்கிலி நாலு பவுனா, மூன்றா, முலாம் பூசியதா என்ற விசாரணை. பல இடங்களில் அன்று கையில் கிடைப்பது முதல் தகவல் அறிக்கை அல்ல, சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீதுதான். அந்த ரசீது வழக்கு ஆகாதவரை, நடந்த பறிப்பு அரசின் எந்தப் புள்ளிவிவரத்திலும் இல்லை. மகன் வழக்கறிஞர் ஒருவரையோ கவுன்சிலரையோ அழைத்துக்கொண்டு போனால் அது வழக்காகும். போகவில்லையென்றால், திருடன் வேறொரு ஊரில் பிடிபட்டு இந்தச் சம்பவத்தையும் ஒப்புக்கொள்ளும்போது முன்தேதியிட்ட புகாரோடு வழக்காகலாம், அல்லது மனுவாகவே முடிந்தும் போகலாம்.

பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே தீரவேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2013 நவம்பரில் தீர்ப்பளித்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம் என்பதையும், மின்னணு வழியில் அனுப்பிய புகாரில் மூன்று நாள்களுக்குள் கையெழுத்திட்டால் போதும் என்பதையும் சட்டமாக்கியது. அதே சட்டம் மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளர் அனுமதியோடு 14 நாள்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தவும் இடம் கொடுத்திருக்கிறது. திருட்டும் பறிப்பும் அந்த வரம்புக்குள்தான் வருகின்றன. ஒரு கதவைத் திறந்தபோதே சன்னலொன்றையும் திறந்து வைத்திருக்கிறார்கள்.

புதிய சட்டங்கள் கணக்கையே இன்னும் இரண்டு வகையில் மாற்றிவிட்டன. பறிப்பு என்பது தனிக் குற்றமாக, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 304-ஆம் பிரிவில் இடம்பெற்றிருக்கிறது. முன்பு அதே சம்பவம் நிலையத்தின் விருப்பப்படி திருட்டாகவோ வழிப்பறியாகவோ எழுதப்பட்டுவந்தது. இது நல்ல மாற்றம். ஆனால் 5,000 ரூபாய்க்குக் குறைவான மதிப்புள்ள பொருளைத் திருடுவது, நீதித்துறை நடுவரின் உத்தரவின்றி வழக்குப் பதிந்து புலனாய்வு செய்ய இயலாத குற்றமாகிவிட்டது. பேருந்து நிலையத்தில் பறிபோகும் பழைய செல்போன், வயலில் அறுத்தெடுத்த மோட்டார் ஒயர், தள்ளுவண்டிக்காரரின் கல்லாப்பணம் போன்றவை பெரும்பாலும் இந்த வரம்புக்குள் அடங்குபவை. வரும் ஆண்டுகளில் ஓர் ஊரில் திருட்டு குறைந்துவிட்டதாக அறிக்கை வந்தால், திருடர்கள் குறைந்தார்களா, எண்ணப்படும் திருட்டுகள் குறைந்தனவா என்று முதலில் கேட்க வேண்டும்.

விகிதத்தின் மேல்பகுதி இப்படியென்றால், வகுக்கும் எண்ணும் உறுதியானதல்ல. கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011-இல் நடந்தது. அதற்குப் பிறகு எல்லாமே மதிப்பீடுதான். ஓசூரும் திருப்பூரும் இந்தப் பதினைந்து ஆண்டுகளில் எப்படி வீங்கியிருக்கின்றன என்பது அங்கே ஒருமுறை போய்வந்தவர்களுக்குத் தெரியும். பழனி, திருச்செந்தூர், வேளாங்கண்ணி போன்ற ஊர்களில் தைப்பூசம், சூரசம்ஹாரம், மாதா திருவிழா நாள்களில் ஊரின் மக்கள்தொகையைப்போலப் பல மடங்கு கூட்டம் கூடுகிறது. அந்தக் கூட்டத்தில் நடக்கும் பிக்பாக்கெட்டும் சங்கிலி அறுப்பும் ஊர்க் கணக்கில் ஏறும். கூட்டம் மட்டும் மக்கள்தொகையில் ஏறாது. இதற்கு மேல், காவல் நிலையத்தின் சரகமும் நகராட்சியின் எல்லையும் ஒன்றல்ல. டவுன் நிலையத்தின் கீழ் சுற்றுப்பட்டுக் கிராமங்கள் சில வரும். நகரின் புறநகர்ப் பகுதியொன்று தாலுகா நிலையத்தில் சேர்ந்திருக்கும். தேசிய அறிக்கை மாவட்டங்களுக்கும் பெருநகரங்களுக்கும் தரவு தருகிறதே தவிர, ஒரு நகராட்சிக்கெனக் குற்ற விகிதம் எதையும் தருவதில்லை. "எங்கள் ஊர்க் குற்ற விகிதம்" என்று எவரேனும் ஓர் எண்ணைச் சொன்னால், அது எப்படிக் கிடைத்தது என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது.

எண்ணிக்கை சிறிதாக இருப்பது இன்னொரு சிக்கல். 2022-இல் தமிழ்நாட்டில் பதிவான கொலை வழக்குகள் 1,690. அதாவது லட்சம் பேருக்கு ஏறத்தாழ 2.2. அறுபதாயிரம் பேர் வாழும் ஓர் ஊரில் மாநிலச் சராசரிப்படி ஆண்டுக்கு ஒரு கொலையோ, சற்றுக் கூடுதலாகவோ நிகழலாம். அங்கே ஓராண்டு ஒன்றும் மறுஆண்டு மூன்றும் நடந்தால், "கொலை மும்மடங்கு உயர்வு" என்று எழுதிவிடலாம். கணக்குப்படி அது வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். ஐந்தாறு ஆண்டு எண்களைச் சேர்த்துப் பார்க்காமல் சிறுநகரக் குற்றத்தைப் பற்றிப் பேசுவது ஏறக்குறைய வீண். ஆனாலும் நிலையக் கணக்குகளில் நம்பத்தக்கது கொலை எண்ணிக்கைதான். பிணத்தை மனு ரசீதில் முடிக்க முடியாது. சந்தேக மரணம் என்ற தலைப்பில் சில ஒதுங்கிவிடுவதுண்டு என்ற குறையோடு, ஆண்டுகளையும் ஊர்களையும் ஒப்பிட அதுவே மற்றவற்றைவிடத் தகுந்தது.

அந்தக் கொலை எண்ணை வேறோர் எண்ணின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதே 2022-இல் தமிழ்நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 17,884 பேர். கொலையுண்டவர் ஒருவருக்குச் சாலையில் பத்துப்பேர் மாண்டிருக்கிறார்கள். கவனக்குறைவால் மரணம் விளைவிப்பது தண்டனைச் சட்டத்தில் குற்றம்தான். நிலையத்தில் வழக்கும் பதிவாகிறது. ஆயினும் ஊரின் பாதுகாப்பைப் பற்றிப் பேச்சு வரும்போது இதை யாரும் குற்றக் கணக்கில் சேர்ப்பதில்லை. பைபாஸில் ஊருக்குள் திரும்பும் இடத்தில் விளக்கின்றி இருக்கும் சந்திப்பில், இரவு எட்டரைக்கு மில் ஷிப்ட் முடித்து டிவிஎஸ் எக்ஸெல்லில் வரும் ஒருவரை லாரி அடித்துவிட்டால், மறுநாள் நாளிதழின் உள்பக்கத்தில் நான்கு வரி. அதே இடத்தில் அதே நேரத்தில் அவர் வெட்டப்பட்டிருந்தால் கடையடைப்பு நடந்திருக்கும். பயமும் ஆபத்தும் ஒரே அளவில் நடப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. ஆண்டுக்கு எத்தனை பேர் எந்தச் சந்திப்பில் இறந்தார்கள் என்ற பட்டியலை ஒரு நகர்மன்றம் தன் கூட்டத்தில் வைத்துப் பேசினால், அது கேமரா வாங்குவதற்கான தீர்மானத்தைவிட அதிகம் பயன்படும் என்பது என் கருத்து.

நிலையத்தின் வாசலுக்கே வராத ஆபத்து வீட்டுக்குள் இருக்கிறது. 2019-21 காலத்தில் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 38 சதவீதத்தினர் கணவரின் வன்முறைக்கு ஆளாகியிருப்பதாகக் கண்டது. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால், வன்முறையைச் சந்தித்த பெண்களில் உதவி தேடியவர்கள் 14 சதவீதம்தான். அவர்களிலும் பெரும்பாலோர் போனது பிறந்த வீட்டுக்கோ உறவினரிடமோ. முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டதற்குப் பிறகு, இன்று சிறுநகரங்களிலும் அத்தகைய நிலையங்கள் இருக்கின்றன. தனியாக வந்து பேச ஓர் இடமாவது கிடைத்தது என்பதில் மாற்றுக்கருத்தில்லை. எனினும் அங்கே வரும் மனுக்களில் பல, இருவரையும் உட்காரவைத்துப் பேசி, "இனிமேல் அடிக்க மாட்டேன்" என்று எழுதி வாங்கிக்கொண்டு முடிக்கப்படுகின்றன. சில குடும்பங்களுக்கு அதுவே போதுமானதாகவும் இருக்கலாம். மீண்டும் அடிபட்டு வரும்போது, முந்தைய மனு எந்தக் கணக்கிலும் இல்லாததால், அவள் ஒவ்வொரு முறையும் முதல்முறையாக வருபவளாகவே நடத்தப்படுகிறாள்.

இன்னொரு ஓட்டை புதியது. இணையவழி நிதி மோசடியில் 2024-இல் இந்தியர்கள் இழந்த தொகை 22,845 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்தில் மத்திய அரசு தெரிவித்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் போலி முதலீட்டுச் செயலியில் பன்னிரண்டு லட்சத்தை இழந்தால், அது 1930 என்ற உதவி எண்ணுக்கும், மாவட்டத் தலைநகரிலுள்ள இணையக்குற்றப் பிரிவுக்கும் போகிறது. ஊர் நிலையத்தின் பதிவேட்டில் ஒரு வரிகூட ஏறுவதில்லை. பணம் எடுக்கப்பட்ட முதல் சில மணி நேரத்துக்குள் அழைத்தால்தான் அது அடுத்த கணக்குக்குத் தாவுமுன் முடக்க முடியும் என்பதைச் சொல்ல, ஊரில் ஆளில்லை. வழிப்பறிக்காரன் ஓராண்டு முழுவதும் பறித்தாலும் கிடைக்காத தொகை ஒரே பிற்பகலில் ஊரைவிட்டுப் போகிறது. "குற்றங்கள் குறைந்துள்ளன" என்ற செய்திக்குறிப்பும் உண்மையாகவே இருக்கிறது.

பயத்துக்கும் ஒரு விலை உண்டு. 2018 மே மாதத்தில், பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் செய்தி வட மாவட்டங்களில் பரவியிருந்த நேரம். திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகிலுள்ள அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு வழி தேடிச் சென்னையிலிருந்து உறவினர்களோடு வந்திருந்த ஒரு மூதாட்டி, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார் என்பதற்காக ஊரார் அடித்ததில் இறந்துபோனார். 2023 மார்ச்சில், திருப்பூர் போன்ற தொழில் நகரங்களில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவின. பீகார் அரசு ஒரு குழுவை அனுப்பி நேரில் பார்த்துச் செல்லவேண்டி வந்தது. முதல் நிகழ்வில் வெளியாள் மீது ஊருக்கு இருந்த பயம், இரண்டாவதில் ஊர் மீது வெளியாளுக்கு ஊட்டப்பட்ட பயம். பதிவேட்டில் இல்லாத குற்றத்துக்காக நிஜமான உயிரும் நிஜமான பிழைப்பும் பறிபோகும் ஆபத்து இரண்டிலும் இருந்தது.

ஒரு தெருவையோ ஒரு சமூகத்தையோ குற்றத்தின் முகவரியாக எழுதிவைப்பதற்கு இங்கே நீண்ட வரலாறும் உண்டு. 1871-ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கு விரிக்கப்பட்டபோது, பிறப்பையே குற்றப்பதிவாக்கிக் கைரேகை பதிந்தார்கள். இரவில் நிலையத்தில் வந்து படுக்கவைத்தார்கள். அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3-இல் சுடப்பட்டார்கள். சென்னை மாகாணத்தில் 1947-இல் சட்டம் ஒழிந்தது. பழக்கம் அவ்வளவு சீக்கிரம் ஒழியவில்லை. ஒரு திருட்டு நடந்தவுடன் எந்தத் தெருவுக்கு ஜீப் முதலில் போகிறது என்பதை ஊரில் எவரும் சொல்லிவிடுவார்கள். அங்கே அதிகம் தேடுவதால் அங்கே அதிகம் பிடிபடுகிறார்கள். அங்கே அதிகம் பிடிபடுவதால் மறுமுறையும் அங்கேயே தேடுகிறார்கள். புள்ளிவிவரம் இந்தச் சுழற்சியை மறைத்து, முடிவை மட்டும் காட்டுகிறது.

உண்மையில் குற்றம் குவிவது மனிதர்களைவிட இடங்களில்தான். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் லாரன்ஸ் ஷெர்மனும் அவருடைய சகாக்களும் 1989-இல் வெளியிட்ட ஆய்வு, காவல்துறைக்கு வந்த அழைப்புகளில் பாதி, நகரின் மொத்த முகவரிகளில் மூன்றே சதவீதத்திலிருந்து வந்ததைக் காட்டியது. நம் ஊர்களிலும் அந்த மூன்று சதவீதத்தைச் சுட்டிக்காட்ட ஆராய்ச்சியாளர் தேவையில்லை: டாஸ்மாக்கிலிருந்து பேருந்து நிலையத்துக்குப் போகும் சந்து, கடைசிப் பேருந்து நிற்கும் நிறுத்தம், ரயில்வே கேட்டுக்கு அப்பாலுள்ள புதர், ஆண்கள் மட்டும் நிற்கும் டூவீலர் ஸ்டாண்ட். ரோந்துக் காவலர் கையெழுத்திட்டுப் போகும் பட்டா புத்தகம் பெரும்பாலும் வங்கியிலும் கோயிலிலும் பெரிய நகைக்கடையிலும் இருக்கிறது. இந்த இடங்களில் இல்லை. கண்காணிப்புக் கேமரா வாகன நிறுத்துமிடங்களில் திருட்டைக் குறைப்பதாகவும், குடிவெறியிலும் ஆத்திரத்திலும் நடக்கும் வன்முறையை அவ்வளவாகக் குறைப்பதில்லை என்றும் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. சிறுநகரத்தில் வணிகர் சங்கம் வாங்கி மாட்டிய கேமராவுக்குப் பராமரிப்புச் செலவை யார் கொடுப்பது என்பது இரண்டாம் ஆண்டே தகராறாகிவிடும். தெருவிளக்கு அதைவிட மலிவு. பழுதானால் உடனே கண்ணுக்குத் தெரியும். அந்த வழியாகப் பெண்கள் நடக்கத் தொடங்கினால் சந்தின் குணமே மாறிவிடும்.

மக்களைக் காவலில் பங்கெடுக்கவைக்கும் முயற்சியும் இங்கே பழையதுதான். 1993-இல் ராமநாதபுரம் மாவட்டக் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப் தொடங்கிய 'காவல் நண்பர்கள்' திட்டம், மறுஆண்டே மாநிலம் முழுவதும் விரிந்தது. தெருக்காரர்களுக்கும் நிலையத்துக்கும் இடையில் பேச ஓர் ஆள் என்பதே அதன் நோக்கம். காலப்போக்கில் சில இடங்களில் அந்த இளைஞர்கள் லத்தி பிடித்து வாகனத் தணிக்கைக்கு நிற்கும் அளவுக்குப் போனார்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது, தன்னார்வலர்களும் அங்கே இருந்ததாக எழுந்த குற்றச்சாட்டை அடுத்து, ஜூலையில் அரசு அவர்களுக்குத் தடை விதித்தது. கடை அடைக்கும் நேரத்தைச் சொல்லித் தொடங்கிய அந்தச் சம்பவம், ஊரின் பாதுகாப்பு பற்றிய எந்தக் கணக்கிலும் காவல் நிலையத்துக்குள் இருப்பவரின் பாதுகாப்பும் சேரவேண்டும் என்பதை மாநிலத்துக்கு உணர்த்தியது. நிலையத்துக்குள் நுழையப் பயப்படும் ஊரில் புகார் குறையும். புகார் குறைந்தால் குற்ற விகிதமும் குறையும்.

தன் ஊரின் கணக்கைத் தானே பார்க்க விரும்பும் வாசகருக்கு வழி அடைபடவில்லை. முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்றவேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றங்கள் போன்ற சிலவற்றைத் தவிர, மற்றவற்றை நிலையத்தின் பெயரையும் ஆண்டையும் கொடுத்துத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் எடுக்கலாம். ஓராண்டு அறிக்கைகளை எடுத்து, சம்பவம் நடந்த நேரத்துக்கும் வழக்குப் பதிவான நேரத்துக்கும் உள்ள இடைவெளியை மட்டும் குறித்துவந்தால், எந்தப் புகார் உடனே ஏற்கப்பட்டது, எது வாரக்கணக்கில் காத்திருந்தது என்பது புலப்படும். எத்தனை மனுக்களுக்கு சி.எஸ்.ஆர். போடப்பட்டது, அவற்றில் எத்தனை வழக்காயின என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். நகராட்சியில் தெருவிளக்குப் புகார்ப் பதிவேடும், அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேடும் இருக்கின்றன. விபத்துப் பதிவேட்டில் அடிதடிக் காயங்களும் ஏறுவதால், வழக்காகாத வன்முறையின் அளவு அங்கே ஓரளவு தெரியும். நோயாளியின் பெயரின்றி, மாதவாரி எண்ணிக்கையை மட்டும் கேட்டால் மறுப்பதற்குக் காரணம் குறைவு. இவற்றை ஒரே தாளில் சேர்த்து வைக்கும் பொறுப்பு இன்று எந்த அலுவலகத்துக்கும் இல்லை. ஆய்வாளருக்கு இடமாறுதல் வந்துவிட்டால், எந்தச் சந்தில் எந்த நேரம் ஆள் நிற்க வேண்டும் என்று அவர் அறிந்துவைத்திருந்ததும் அவரோடு போய்விடுகிறது. அடுத்து வருபவர் ரவுடிப் பட்டியலிலிருந்து மறுபடி தொடங்குகிறார்.